சோபாக்காரரும் பின்சந்துப் பூனைகளும்

அந்தச் சந்தில் அவருக்கு ‘இதுவேற’ என்று பேர். நேருக்கு நேர் யாரும் கூப்பிட்டதில்லை, ஆனாலும் அவருக்குத் தெரியும். கரண்ட் போனால் “இது வேறயா” என்பார். தையல் மெஷினில் ஊசி ஒடிந்தால் “இது வேறயா.” சொந்தக் கல்யாணத்தன்று மழை பிடித்துக்கொண்டபோது மாப்பிள்ளை வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையும் அதுதான் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

சோபா ரிப்பேர் தொழில். கீழே பட்டறை, மேலே வீடு. குழி விழுந்த ஸ்பிரிங், கிழிந்த ரெக்சின், குழந்தைகள் பேனாவால் கிறுக்கிய கைப்பிடி, எது வந்தாலும் பிரித்துப் போட்டு, ஃபோம் மாற்றி, புதுத் துணியை இழுத்துக் கட்டி அனுப்புவார். வேலையில் குறை சொல்ல முடியாது. வாயைத்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆணி அடிக்கும்போதும் யாரையாவது திட்டிக்கொண்டேதான் அடிப்பார். திட்டாமல் அடித்தால் ஆணி வளைகிறது என்பது அவர் கட்சி.

பட்டறையின் பின்கதவைத் திறந்தால் ஒரு குறுகலான சந்து. எதிரே ஒரு ஓட்டலின் சமையலறைச் சுவர். அந்தச் சுவரோரம் மூடி இல்லாத ஒரு பெரிய டிரம். மிச்சம் மீதி எல்லாம் அதில்தான் விழும். அதைத் தின்ன எலி வந்தது. எலியைத் தின்னப் பூனை வந்தது. வந்த பூனைக்குச் சாப்பாடு போட அவருடைய அக்கா வந்து சேர்ந்தார்.

அக்கா ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் போன பிறகு தம்பி வீட்டின் பின்னறைக்குக் குடிவந்தார். பூனைகளுக்குப் பேர் வைக்கமாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தார். “பேர் வெச்சா நம்மளுது ஆயிடும். அப்புறம் பொறுப்பு” என்பார். ஆனால் பெரிய கடுவனைப் ‘பெரியவன்’ என்றும், ஒல்லிச் சாம்பல் பூனையைச் ‘சின்னவ’ என்றும், எங்கிருந்தோ வந்து பெரியவனோடு ஒட்டிக்கொண்ட மூவண்ணப் பூனையை ‘மருமக’ என்றும் கூப்பிடுவார். மற்றதெல்லாம் ‘வாடா’, ‘போடா’தான். மருமக வந்தபின் வாடா போடாக்கள் பெருகிக்கொண்டே போயின.

“அக்கா, இது பட்டறையா, பிரசவ ஆஸ்பத்திரியா?” என்று சோபாக்காரர் கத்துவார்.

“எலி உன் ஃபோமைக் கடிச்சப்போ தெரியலயா?”

“இப்பவும்தான் கடிக்குது! நீ ராத்திரிக்குத் தட்டு தட்டா வெச்சிட்டுத் தூங்கிடற. உன் பூனை பாதி தின்னுது, எலி மீதி தின்னுது. ரெண்டும் சேந்து பந்தி நடத்துதுங்க!”

இப்படிச் சண்டை போட்டே வருஷங்கள் ஓடியிருக்கும். பல் டாக்டரின் போன் வந்து அதைக் கெடுத்தது.

அடுத்த தெருவில் இருந்த பல் டாக்டர், நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கான சோபாவை இவரிடம் கொடுத்துத் துணி மாற்றியிருந்தார். அதைப் பின்கதவுப் பக்கம் கொஞ்ச நாள் போட்டு வைத்து, வேலை முடித்து அனுப்பியிருந்தார் இவர்.

“நீங்களே ஒரு தடவை நேர்ல வந்து பாருங்க” என்றார் டாக்டர். “உங்க சோபால உக்காந்தவங்க பல்வலிய மறந்துட்டுக் காலைச் சொறியறாங்க.”

போனார். உட்கார்ந்தார். ஒன்றும் இல்லையே என்று சொல்ல வாயெடுத்தபோது, தன் வெள்ளைச் சாக்ஸில் எள்ளுப் பொடி மாதிரி ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தார். விரலால் தட்டப்போனார். எள்ளு குதித்தது.

தெள்ளுப்பூச்சி. காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். கன்னம் வீங்கிய ஒரு பெண்மணி, பேச முடியாத நிலையிலும், “பூனையா?” என்று கேட்டுவிட்டார்.

அன்றைக்குச் சோபாவைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தவர் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் ஆபத்து என்று அவர் மனைவிக்குப் புரிந்தது. கத்தாத சோபாக்காரரை அவர் பார்த்ததே இல்லை.

அக்கா கண் ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு காலை நேரம் பார்த்து, சோபா ஏற்றி இறக்கும் வேன்காரரைச் சோபாக்காரர் கூப்பிட்டார். எங்கிருந்தோ கூண்டுகள் வந்தன. உள்ளே மீன் துண்டு. பூனைகளுக்கு அந்த வீட்டு ஆட்கள் மேல் எந்தச் சந்தேகமும் கிடையாது. பெரியவன் தானாகவே கூண்டுக்குள் போய் உட்கார்ந்து, மீனைத் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தது. ஊருக்கு வெளியே, பாழடைந்த ஒரு கோடவுன் வளாகத்தில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வந்தார்கள்.

“பாவம்ல?” என்றார் வேன்காரர், திரும்பும் வழியில்.

“ரோட்டைப் பாத்து ஓட்டுங்க” என்றார் இவர்.

சாயங்காலம் அக்கா கண்ணில் சொட்டு மருந்தோடு வந்து, தட்டை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தார். கூப்பிட்டுப் பார்த்தார். மறுபடி கூப்பிட்டார். பிறகு தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். அதற்குமேல் தம்பியிடம் பேச்சே இல்லை. எதுவானாலும் தம்பி மனைவி வழியாகத்தான். இரண்டடி தூரத்தில் தம்பி நிற்கும்போதே, “அவன்கிட்ட சொல்லு, குழாய் ஒழுகுது” என்பார்.

சரி, பூனை போயிற்று, பூச்சியும் போகும் என்றுதான் சோபாக்காரர் நினைத்தார். நடந்தது நேர்மாறு.

முதலில் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் கணுக்காலைச் சொறிந்தார்கள். பிறகு சந்துக்குள் காய்கறி இறக்க வந்தவர்கள். அதற்கும் பிறகு ஓட்டல் சமையற்காரர், காலை ஒரு பக்கெட் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டே காய் நறுக்கினார். பூனை மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பூச்சிகளுக்குத் திடீரென்று பூனை இல்லை. பசித்த பூச்சி கிடைத்த காலில் ஏறியது. சந்தில் இருந்தவை எல்லாம் மனுஷக் கால்கள்.

போதாக்குறைக்குக் காலி இடத்தைப் பார்த்துப் பக்கத்துத் தெருப் பூனைகள் வந்து டிரம்மைச் சுற்றி உட்கார்ந்தன. முன்பின் தெரியாத முகங்கள். ஒன்றுக்கு ஒரு காதே இல்லை.

“இது வேறயா!” என்றார் சோபாக்காரர். இந்த முறை குரலில் உயிரில்லை.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஓட்டல் முதலாளி விஷம் வைக்கச் சொன்னார். டிரம்முக்கு மூடி போடுங்கள் என்றால் மட்டும் காது கேட்காது. எதிர்மாடியில் இருந்த ஒரு விலங்கு நல ஆர்வலர், பூனைகளைக் கொண்டுபோய் விட்டது எவ்வளவு பெரிய பாவம் என்று பால்கனியில் நின்றபடி தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கீழே இறங்கி மட்டும் வரவில்லை. சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் வந்து, ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்து, இன்னொன்றைச் சுவரில் ஒட்டிவிட்டு, நின்ற நேரத்தில் கடி வாங்கிக்கொண்டு அவசரமாகப் போனார்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது.

முதல் நாள் தலைவலி என்றார். மறுநாள் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் என்றார். காய்ச்சல் கொதித்தது. பக்கத்து கிளினிக்கில் வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். இறங்கவில்லை. நாலைந்து நாளில் வயிற்றிலும் நெஞ்சிலும் சிவப்பாகப் புள்ளிகள் பரவ, அவர் எழுந்து உட்காரவே முடியாமல் போனபோது, சோபாக்காரர் வேன்காரரை அழைத்து, சோபா ஏற்றும் வேனிலேயே மெத்தை போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அக்காவும் கேட்காமல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அங்கே ஒரு இளம் டாக்டரம்மா, புள்ளிகளைப் பார்த்துவிட்டு, “வீட்ல எலி உண்டா? பூனை, நாய் ஏதாவது?” என்று கேட்டார்.

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

“உண்டு” என்றார் சோபாக்காரர். “எல்லாம் உண்டு.”

“தெள்ளுப்பூச்சி?”

“அதுதான் டாக்டர் ஜாஸ்தி.”

ரத்தப் பரிசோதனைக்கு எழுதிவிட்டு, முடிவு வரும்வரை காத்திருக்காமல் மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள். தெள்ளுப்பூச்சியால் வரும் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. எலியிடம் இருக்கும் கிருமி பூச்சிக்குப் போகிறது; பூச்சி பூனைமேல் ஏறி வீட்டுக்குள் வருகிறது; கடித்த இடத்தில் அது போடும் எச்சத்தை நாம் சொறிந்து சொறிந்து நாமே உள்ளே தேய்த்துக்கொள்கிறோம். மனுஷரிடமிருந்து மனுஷருக்குத் தொற்றாது. சரியான மருந்து போனால் சீக்கிரமே காய்ச்சல் இறங்கும், தாமதித்தால்தான் சிக்கல்.

வராந்தா பெஞ்சில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம்.

“சொல்லு” என்றார் அக்கா, பல நாள் கழித்து நேரடியாக. “எல்லாம் என் பூனைங்களாலதான்னு சொல்லு. அதுக்குத்தான உக்காந்திருக்க?”

“அக்கா, எனக்குத் திட்டவே தெம்பில்ல.”

அக்கா பயந்துவிட்டார். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, “அவளுக்கு ஒண்ணும் ஆகாதுடா” என்றார்.

ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. கஞ்சி குடித்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்த மனைவியிடம், டாக்டரம்மா சொன்னதை எல்லாம் சோபாக்காரர் விளக்கினார். “கீழ பட்டறைல இருக்கற எங்களுக்கு வரல. பின்னறைல இருக்கற அக்காவுக்கு வரல. மாடில இருக்கற உனக்கு எப்படி வந்துச்சு? அதான் எனக்குப் புரியல.”

மனைவி போர்வை நுனியைத் திருகினார்.

“என்னங்க, கோவப்படக் கூடாது.”

“சொல்லு.”

“மத்தியானம் நீங்க கீழ இருப்பீங்க. அண்ணி தூங்கிடுவாங்க. டிவியும் எவ்வளவு நேரம் பாக்கறது. அந்த மருமக பூனை மாடிப்படி ஏறி வரும். முதல்ல வாசல்ல உக்காந்துச்சு. அப்புறம்… சோபால எம் பக்கத்துல படுத்துக்கும். அது வந்தா சின்னவளும் வரும்.”

“எந்தச் சோபால?”

“நம்ம ஹால் சோபாலதான்.”

ஊர் சோபாவை எல்லாம் புதுசாக்கும் சோபாக்காரர், தன் வீட்டுச் சோபாவைக் கல்யாணமான காலத்திலிருந்து தொட்டதில்லை. கைப்பிடி ஓட்டை வழியாகப் பஞ்சு எட்டிப்பார்க்கும். மனைவி ஒவ்வொரு வருஷமும் கேட்பார். அடுத்த மாசம் என்பார் இவர்.

“எத்தனை நாளா?” என்றார்.

“மழைக் காலத்துக்கு முன்னாடியிருந்து.”

வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா, “என்கிட்ட கூட சொல்லலயே நீ!” என்று உள்ளே வந்தார். “நான் ஒரு தடவையாவது அதுங்கள என் ரூமுக்குள்ள விட்டிருக்கேனா? வாசலோட நிறுத்தினவ நான். எனக்குத்தான் கெட்ட பேரு!”

நாத்தனாரும் தம்பி மனைவியும் மோதிக்கொள்ள ஆரம்பிக்க, நர்ஸ் வந்து சோபாக்காரரைத்தான் வெளியே போகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு அந்தச் சோபாவைப் பிரித்தார். அடித்துணியைக் கிழித்தபோது உள்ளே பூனை முடியும், மிளகுப்பொடி மாதிரி எச்சமும், பொடிப்பொடியாக வெள்ளைப் புழுக்களும் இருந்தன. தொழிலில் எத்தனையோ கண்டவர், இதைப் பார்த்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய்க் கொளுத்திவிட்டு வந்து, தலைக்குக் குளித்தார்.

மிருக டாக்டரிடம் போகலாம் என்று சொன்னது அக்காதான். மிருக டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. முழுக் கதையையும் கேட்டுவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“பூச்சிக்கு மருந்து போடாம பூனைங்கள மட்டும் எடுத்துட்டுப் போனீங்களா?”

“ஆமா.”

“சாப்பாட்டை எடுத்துட்டு விருந்தாளிய விட்டுட்டு வந்திருக்கீங்க.”

இதையே அக்கா வீட்டில் வைத்துச் சொல்லியிருந்தால் பெரிய சண்டை ஆகியிருக்கும். டாக்டர் சொன்னதால் சோபாக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். பூனைகளைப் பிடித்து, குட்டி போடாமலிருக்க ஆபரேஷன் செய்து, பிடரியில் பூச்சி மருந்து சொட்டு விட்டு, பழைய இடத்திலேயே விட வேண்டும். மருந்து போட்ட பூனைமேல் ஏறுகிற பூச்சி சாகும், புதுப் பூனைகளும் அவ்வளவு சீக்கிரம் உள்ளே வராது. சாப்பாட்டைப் பகலில் வைத்து, தின்றதும் தட்டை எடுத்துவிட வேண்டும். எலி வளைகளை அடைக்க வேண்டும். சொட்டு மருந்தை மாசாமாசம் விட வேண்டும்.

“மாசாமாசமா?” என்றார் சோபாக்காரர். “எனக்கே நான் மாசாமாசம் மருந்து போட்டுக்கறது கிடையாது.”

முதல் வேலையாக, கொண்டுபோய் விட்டதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றார். மறுபடி வேன். கோடவுன் வளாகத்தில் அக்கா தட்டைத் தட்டிக்கொண்டே கூப்பிட, ஒரு இரும்புக் குவியலுக்கு அடியிலிருந்து பெரியவன் வந்தது. முகத்தில் பெரிய கீறல். சின்னவ கொஞ்சம் தள்ளி வந்தது, எலும்பும் தோலுமாக. வாடா போடாவில் இரண்டு கிடைத்தன. மற்றவை வரவில்லை.

“மருமக எங்கடா?” என்று அக்கா பெரியவனிடமே கேட்டார்.

வாட்ச்மேன் தயங்கித் தயங்கிச் சொன்னார். “இங்க நாய்ங்க ஜாஸ்திம்மா. வீட்டுச் சாப்பாடு சாப்ட்ட பூனைங்க ஓடத் தெரியாம நிக்கும்.”

அக்கா தட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். சோபாக்காரர் அவருக்கு எதிரே நிற்க முடியாமல், வேனின் பின்கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். மன்னிப்பு கேட்கிற வார்த்தை அவர் வாயில் எப்போதும் வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. “கூண்டைப் பிடி, பெரியவன் கனம்” என்று மட்டும் அக்கா சொன்னார்.

அடுத்த சில வாரம் அந்த வீடு பூனை பிடிக்கும் ஆபீஸாகவே இருந்தது. சோபாக்காரர் தடித்த ரெக்சினை மூன்று மடிப்பாக வைத்து, முழங்கை வரை வரும் கையுறை தைத்தார். கூண்டை மூடினால் பூனை அமைதியாக இருக்கும் என்று டாக்டர் சொல்ல, மிச்சமிருந்த சோபாத் துணியில் ஒவ்வொரு கூண்டுக்கும் உறை தைத்தார். பூப்போட்ட உறை, கோடு போட்ட உறை, பல் டாக்டர் சோபாவின் பச்சை உறை. ஒற்றைக் காது பூனைதான் கடைசிவரை பிடிபடவில்லை. கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே இருந்த மீனைக் கையை மட்டும் விட்டு எடுத்துத் தின்றது.

“நீ வா, உனக்கு மீனே கிடையாது, சாம்பிராணி!” என்று கையுறையோடு அதன் பின்னால் ஓடினார் சோபாக்காரர். அது ஓட்டல் டிரம்முக்குள் குதித்தது. துரத்திய வேகத்தில் இவர் மோத, டிரம் கவிழ்ந்து சமையலறை வாசல் வரை கொட்டியது. வெளியே வந்த முதலாளி வெள்ளை வேட்டி சகிதம் அதில் வழுக்கி விழுந்தார். மறுநாளே டிரம்முக்கு மூடி வந்துவிட்டது. இத்தனை நாள் கெஞ்சியும் கத்தியும் வராத மூடி.

மனைவி தேறி வீட்டுக்கு வந்தார். காய்ச்சலில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, பிறகு நின்றது. பூச்சி ஒரேயடியாகப் போகவில்லை. போகப் போகக் குறைந்தது. சந்தில் யாருக்கும் மறுபடி அந்தக் காய்ச்சல் வரவில்லை. ஹாலுக்கு இவர் ரெக்சின் சோபா ஒன்று செய்து போட்டார். பூச்சி ஒளிய இடமில்லாத மாதிரி. முதுகு ஒட்டுகிறது, வழுக்குகிறது, ஆஸ்பத்திரி பெஞ்சு மாதிரி இருக்கிறது என்று மனைவி தினமும் குறை சொல்கிறார். துணிச் சோபாதான் வேண்டுமாம். பூனை? அது வாசலோடு சரி என்று சத்தியம் செய்திருக்கிறார். சோபாக்காரர் நம்பவில்லை. மத்தியானம் காரணமில்லாமல் மாடிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

அக்கா இப்போது தம்பியோடு பேசுகிறார். ஆனால் மருமகவின் பேச்சை எடுப்பதில்லை. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றும் சொல்லாமல் பையில் தட்டை வைத்துக்கொண்டு கிளம்புவார். எங்கே என்று யாரும் கேட்பதில்லை. சோபாக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே போவார். பஸ் லேட், வெயில், ஸ்டாப்பிலிருந்து நடக்கிற தூரம், கண்டக்டரின் குரல் என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டே போவார். அக்கா கோடவுன் வாசலில் உட்கார்ந்து தட்டைத் தட்டுவார். வாட்ச்மேன் அவருக்காகத் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போடுவார். அதன் சீட் கிழிந்து ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

போன முறை சோபாக்காரர் ஊசியும் நூலும் ஒரு துண்டு ரெக்சினும் கொண்டுபோயிருந்தார். அக்கா நின்றபடி கூப்பிட்டுக்கொண்டிருக்க, இவர் தரையில் உட்கார்ந்து, எந்த மடையன் இதை முதலில் தைத்தான் என்று திட்டிக்கொண்டே சீட்டைத் தைத்து முடித்தார்.